பட்டியலில் இல்லாத நாராயணகௌளை

யாரையாவது கெடுக்கவேண்டும் என்ற எண்ணத்தோடு வீட்டைவிட்டுக் கிளம்புகிறவர்கள், எப்போதையும்விடக் கொஞ்சம் அதிகமாகவே சாமி கும்பிட்டுவிட்டுக் கிளம்புவார்கள். லோகேஸ்வரியும் அந்த ஞாயிற்றுக்கிழமை அப்படித்தான் கிளம்பினாள். தலைக்குக் குளித்து, விளக்கேற்றி, நெற்றி நிறையத் திருநீறு பூசி, கிள்ளானிலிருந்து தலைநகரின் பிரிக்பீல்ட்ஸ் பகுதி நோக்கிக் காரை ஓட்டிக்கொண்டிருந்தாள். மாலை நான்கு மணிக்கு அவளுடைய கச்சேரி. அரிய ராகங்கள் மட்டுமே பாடும் கச்சேரி என்று சபா பதினைந்து நாளாக விளம்பரம் செய்திருந்தது.

பக்கத்தில் தம்புராவை மடியில் சாய்த்துக்கொண்டு சித்தப்பா மகள் மலர் உட்கார்ந்திருந்தாள். மேடையில் பின்னால் அமர்ந்து சுருதி போடுவது அவள்தான்.

"அக்கா, லிஸ்டு மாத்தினத மாஸ்டருகிட்ட சொல்லிட்டியா?"

"சொல்லல."

"எப்பதான் சொல்லப் போற?"

"மேடையில. ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னாடி ராகத்த மைக்குல சொல்லுவேன்ல? ஊரே கேக்கும்போது அவரும் கேட்டுக்கட்டும்."

மலர் தம்புராவைத் தோளோடு நிமிர்த்திப் பிடித்துக்கொண்டாள். பிறகு சொன்னாள்: "இது கச்சேரி இல்லலா. வெட்டுக்குத்து."

விஷயம் இதுதான். பாடுகிறவர் என்னென்ன பாடப்போகிறார் என்று பக்கவாத்தியக்காரர்களுக்கு முன்கூட்டியே பட்டியல் கொடுத்துவிடுவது நல்ல பழக்கம். தெரிந்த ராகங்கள் என்றால் பட்டியல் இல்லாமலும் சமாளித்துவிடலாம். அரிய ராகம் அப்படியல்ல. பாடகர் ஒன்றைப் பாடி நிறுத்தியதும் வயலின்காரர் அதையே தன் பங்குக்கு விரித்து வாசிக்கவேண்டும். கேட்டே இராத ராகமாக இருந்தால், சபை நடுவில் கை கட்டி நிற்பதுபோலத்தான். லோகேஸ்வரி வியாழக்கிழமையே வயலின் வித்துவான் முகுந்தனுக்கு வாட்சப்பில் எட்டு ராகங்களின் பட்டியலை அனுப்பிவிட்டாள். ஆனால் வீட்டில் பாடிப் பழகியதோ வேறு எட்டு. ஒத்திகைக்கு எப்போது வரலாம் என்று அவர் கேட்டதற்கு, துறைமுக ஆபீசில் வேலை அதிகம், நேரமில்லை என்று பதில் போட்டாள். அவள் கிள்ளான் துறைமுகத்தில் சரக்கு அனுப்பும் நிறுவனம் ஒன்றில் குமாஸ்தா. வேலை அதிகம் என்பது பொய்யில்லை. நேரமில்லை என்பதுதான் பொய்.

இவ்வளவு பகை ஏன் என்றால், அதற்கு எட்டு வருடம் பின்னால் போகவேண்டும்.

அப்போது இதே சபா புதிய பாடகர்களைத் தேர்ந்தெடுக்க ஒருநாள் முழுக்கப் பாடவைத்தது. நடுவர்களில் மூத்தவர் முகுந்தன். லோகேஸ்வரி பாடி முடித்ததும் அவர் மைக்கைப் பிடித்து, "எந்த ஊரும்மா?" என்றார். "பொறந்து வளந்ததெல்லாம் கேரி தீவு மாஸ்டர்." "அதான பாத்தேன். செம்பனைத் தோட்டத்துக் குரல். குலை தள்ளியிருக்கு. இன்னும் பழுக்கல." மண்டபம் சிரித்தது. அன்றோடு அவளுக்கு 'செம்பனை லோகேஸ்' என்ற பெயர் நிலைத்துவிட்டது. சபா வாட்சப் குழுவில் அவள் ஏதாவது எழுதினால், யாராவது ஒருவர் பனங்குலைப் படத்தைப் போடுவார்.

அதைக்கூட அவள் மறந்திருப்பாள். மறக்க முடியாதது வேறொன்று. அன்று கடைசி வரிசையில் புதுச்சட்டை போட்டுக்கொண்டு அவள் அப்பா அய்யாவு உட்கார்ந்திருந்தார். முப்பத்தோரு வருடம் கேரி தீவில், செம்பனை என்கிற எண்ணெய்ப்பனை மரங்களில், நீளக் கம்பில் அரிவாள் கட்டிக் குலை அறுத்தவர். மண்டபம் சிரித்தபோது அவரும் சேர்ந்து சிரித்தார். வீட்டுக்குப் போகும் வழியில், "பெரிய மனுசன் நல்லாதான சொன்னாரு, குலை தள்ளியிருக்குன்னு" என்று சந்தோஷமாகச் சொன்னார். குலை தள்ளுவது அவருக்குத் தெரிந்த நல்ல காரியம். அது கேலி என்று அவள் கடைசிவரை அவரிடம் சொல்லவில்லை. அப்பா அடுத்த வருடம் தவறிப்போனார். அந்தச் சிரிப்பு மட்டும் அவளுக்குள் ஆறாத புண்ணாகத் தங்கிவிட்டது.

*

பிரிக்பீல்ட்ஸில் ஒரு கோயிலுக்குப் பக்கத்தில் இருந்தது சபா மண்டபம். வெளியே மழை தூறிக்கொண்டிருந்தது. முகுந்தன் முன்பே வந்து, மேடைக்குப் பின்னால் இருந்த அறையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். வயது அறுபத்தொன்று. முட்டிவலி. பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடக் கட்டுரைப் புத்தகம் திறந்து கிடந்தது. அதில் பட்டியலின் எட்டு ராகங்களுக்கும் ஸ்வரங்களைத் தம் சின்னக் கையெழுத்தில் எழுதிவைத்திருந்தார். எழுதி அடித்து, மறுபடி எழுதிய பக்கங்கள்.

லோகேஸ்வரி அதைப் பார்த்தாள். பார்த்ததும் மனசு ஒரு கணம் இளகத்தான் செய்தது. இளகியதே அவளுக்கு எரிச்சலாகவும் இருந்தது.

"எட்டும் தயார்" என்றார் முகுந்தன், நிமிராமல். "நாலாவது என்ன தாளம்னு மட்டும் நீ போடல."

"மேடையில பாத்துக்கலாம் மாஸ்டர்."

"ரிஹர்சல் வேணாம்னுட்ட. தாளமும் மேடையிலதானா? உங்க ஆபீசுல கப்பல இப்படித்தான் அனுப்புவீங்களா, நடுக்கடல்ல போய்ப் பாத்துக்கலாம்னு?"

"எங்க ஆபீசுல ஓட்டத் தெரியாதவங்கள ஏத்த மாட்டோம் மாஸ்டர்."

மூலையில் வாத்தியத்துக்கு ரவை பூசிக்கொண்டிருந்த மிருதங்க வித்துவான் குரு கையை நிறுத்திவிட்டு இருவரையும் பார்த்தார். "பாஸ், ரெண்டு பேரும் இங்கயே பாடி முடிச்சிட்டா நா வீட்டுக்குப் போயிடுவேன்" என்றார்.

மண்டபத்தில் நூறு பேருக்கு மேல் இருந்தார்கள். முதல் வரிசை நடுவில் சபாத் தலைவர் சாத்தப்பன். மரச்சாமான் கடைகள் வைத்திருப்பவர். சங்கீதத்தில் பிரியம் உள்ளவர். ஆனால் ஆட்டுக்கு வால் அளந்து வைத்த ஆண்டவன் அவர் நாக்கை அளக்க மறந்துவிட்டான் என்று ஊரில் சொல்வார்கள்.

லோகேஸ்வரி சுருதி சேர்த்துக்கொண்டு மைக்கில் சொன்னாள்: "முதல்ல ஜிங்களா ராகம்."

முகுந்தன் கட்டுரைப் புத்தகத்தைப் புரட்டினார். இரண்டு முறை புரட்டினார். பிறகு தலையைச் சாய்த்து மெல்லக் கேட்டார். "லிஸ்டு மாறிடுச்சா?"

"கடைசி நேரத்துல மாத்த வேண்டியதாப் போச்சு மாஸ்டர்."

"எத்தன மாறியிருக்கு?"

"எட்டும்."

அவர் அவளை ஒரு நொடி பார்த்தார். "நல்லது" என்றார். புத்தகத்தை மூடித் தமக்குப் பின்னால் தள்ளிவைத்தார்.

ஜிங்களாவை அவர் எப்படியோ ஒட்டிக்கொண்டு கடந்துவிட்டார். அடுத்தது நபோமணி. அதன் ஸ்வரங்கள் ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு நிற்கும். கல்லும் முள்ளுமான பாதையில் வெறுங்காலோடு போவதுபோன்ற ராகம். லோகேஸ்வரி அதை இருபது நாள் பழகியிருந்தாள். வேண்டுமென்றே வேகமாகப் பாடினாள். வயலின் அவளுக்கு அரையடி பின்னால் தடவித் தடவி வந்தது. அவருடைய முறை வந்தபோது, முகுந்தன் இரண்டே வரி வாசித்துவிட்டு வில்லை எடுத்துவிட்டார். தெரியாததைத் தெரிந்ததுபோல் வாசிக்க அவருக்கு வராது. மண்டபத்தில் நாற்காலிகள் முனகின. சாத்தப்பன் பக்கத்தில் இருந்தவரின் காதில் ஏதோ சொன்னார். அவர் கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டார்.

லோகேஸ்வரிக்கு உள்ளே வெல்லம் கரைந்தது. அந்த இனிப்பைப் பாவம் என்று அப்போது அவளிடம் யாராவது சொல்லியிருந்தால், அவரையும் சேர்த்து வெறுத்திருப்பாள்.

இப்படியே ஏழு பாட்டுகள் போயின. அடுத்தது கச்சேரியின் பிரதானமான உருப்படி.

"நாராயணகௌளை" என்று அறிவித்தாள்.

இந்த ராகத்துக்கு ஒரு கண்டம் உண்டு. கேதாரகௌளை என்று இதற்கு ஓர் உடன்பிறப்பு. அதை எல்லாருக்கும் தெரியும். கச்சேரிக்குக் கச்சேரி காதில் விழும். இரண்டும் அநேகமாக ஒரே ஸ்வரங்கள். மேலே ஏறும்போது, கேதாரகௌளை 'ப நி ஸ' என்று ஒரே தாவில் ஏறிவிடும். நாராயணகௌளையோ 'ப நி த நி ஸ' என்று ஒரு படி இறங்கி, ஒரு சுற்றுச் சுற்றித்தான் ஏறும். அந்த ஒரு சுற்றில்தான் ராகத்தின் உயிர் இருக்கிறது. அதை விட்டுவிட்டால் அடுத்த வீட்டுக்குள் நுழைந்துவிட்டோம் என்று பொருள்.

லோகேஸ்வரி நன்றாகத்தான் தொடங்கினாள். ஆனால் ராகம் பாடுகிறவரின் கவனம் ராகத்தின்மேல் இருக்கவேண்டும். அவள் கவனம் முகுந்தனின் விரல்கள்மேல் இருந்தது. இப்போது தடுமாறுவார், இதோ இப்போது தடுமாறுவார் என்று ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே பாடினாள். அவர் தடுமாறவில்லை. இந்த ராகம் அவருக்குத் தெரிந்திருந்தது. அது தெரிந்ததும் அவளுக்குச் சுரீர் என்று கோபம் ஏறியது. கோபம் வந்தால் மனிதனுக்குக் குறுக்குவழிதான் பிடிக்கும். குரல் 'ப நி ஸ' என்று நேரே தாவி மேல்ஷட்ஜத்தில் போய் உட்கார்ந்துகொண்டது.

அவளுக்குத் தெரியவில்லை. மண்டபத்துக்கும் தெரியவில்லை. பழகிய ராகத்தின் வாசனை வந்ததும் தலைகள் ஆடத் தொடங்கின. அவள் இன்னும் ஒருமுறை நேரே ஏறினாள். இன்னும் ஒருமுறை.

பக்கவாத்தியம் என்றால் பாடுகிறவர் போன வழியே போவதுதான் முறை. முகுந்தன் அவள் பின்னாலேயே போயிருக்கலாம். யாரும் அவரைக் குற்றம் சொல்லியிருக்க மாட்டார்கள். அவள் கேதாரகௌளைக்குள் போய் வீடுகட்டிக் குடியேறியபிறகு, நாராயணகௌளைக் கிருதியைத் தொடங்கும்போது ராகம் இரண்டாகப் பிளந்து விழும். விஷயம் தெரிந்த நாலு பேர் அன்று மாலையே வாட்சப்பில் எழுதுவார்கள். அவர் ஒரு விரலைக்கூட அசைக்க வேண்டியதில்லை.

ஆனால் வயலின் அவளோடு தாவவில்லை. அவள் மேல்ஷட்ஜத்தில் நின்றபோது, கீழேயிருந்து 'நி த நி ஸ' என்று மெதுவாக ஏறிவந்தது. அவள் மறுபடி நேரே ஏறினாள். அது மறுபடியும் சுற்றி வந்தது. சண்டை போடுவதுபோல இல்லை. இருட்டில் தப்பான படியில் கால் வைக்கிறவரின் முழங்கையைத் தொடுவதுபோல இருந்தது. மூன்றாவது முறைதான் லோகேஸ்வரி அதைக் காது கொடுத்துக் கேட்டாள். எங்கே நிற்கிறோம் என்று அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது.

'நி த நி ஸா' என்று திரும்பி வந்தாள்.

அரை நிமிடம்கூட இருக்காது. ஆனால் அந்த அரை நிமிடமும் பாட்டும் வயலினும் வேறு வேறாக ஒலித்தது மண்டபத்தின் காதில் விழுந்துவிட்டது. சாத்தப்பன் நாக்கைச் சப்புக்கொட்டி, வயலினைப் பார்த்துத் தலையை ஆட்டினார். பின்வரிசைகளிலும் முகங்கள் வயலின் பக்கம் சுளித்தன. முகுந்தன் தம் முறை வந்தபோது நீளமாக வாசிக்கவில்லை. அந்த 'நி த நி ஸ' சுற்றையே நாலைந்து விதமாகக் காட்டிவிட்டு முடித்துக்கொண்டார். அடுத்துக் கிருதி பாடவேண்டியவளுக்கு வழியில் விளக்கு வைத்ததுபோல இருந்தது. மண்டபத்துக்கோ, கிழவர் அதே தப்பை மறுபடி மறுபடி வாசிப்பதாகத்தான் பட்டது.

கிருதி பிழையில்லாமல் நடந்தது. குரு தனியாவர்த்தனத்தில் வெளுத்து வாங்கினார். கைதட்டல் எழுந்தது. லோகேஸ்வரி கும்பிட்டாள். ஆனால் அவளால் இடது பக்கம் திரும்பமுடியவில்லை.

*

மங்களத்துக்கு முன்னால் பொன்னாடை போர்த்துவது சபாவின் வழக்கம். சாத்தப்பன் மேடையேறி, லோகேஸ்வரிக்குப் பெரிய மாலையும் பொன்னாடையும் போட்டார். பிறகு மைக்கை வாங்கிக்கொண்டார்.

"எவ்ளோ கஷ்டமான ராகங்கள்! நம்ம கிள்ளான் பொண்ணு தண்ணி பட்ட பாடா பாடிருச்சு. வயலின்தான் கொஞ்சம் வழி தவறிடுச்சு." நிறுத்தினார். சிரிப்பு வரும் என்று அவருக்குத் தெரியும். "பாட்டு கிள்ளான் கொமூட்டர் ரயில்ல ஏறி உக்காந்துடுச்சு. வயலின் சென்ட்ரல்ல எந்த பிளாட்பாரம்னு தெரியாம சிரம்பான் ரயில்ல ஏறிடுச்சுலா!"

மண்டபம் அதிர்ந்தது. எட்டு வருடத்துக்கு முன்னால் அதிர்ந்த அதே மண்டபம். ஒரு பெண்மணி கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

"ஒரு நல்ல சேதி" என்று கையமர்த்தினார் சாத்தப்பன். "அடுத்த மாசத்துலருந்து மாசத்துக்கு ஒரு ஞாயிறு, லோகேஸ்வரியோட அரிய ராகக் கச்சேரி. இந்த மேடையிலதான். வயலினுக்குச் சென்னையிலருந்து ஆள் வரவழைக்கறோம். நம்ம மாஸ்டர் முப்பது வருசமா உழைச்சிட்டாரு. இனிமே ரெஸ்ட் எடுக்கட்டும்."

முகுந்தன் வில்லின் முனையைத் திருகி முடியைத் தளர்த்தத் தொடங்கினார். வாசித்து முடித்தவர்கள் செய்கிற வேலை அது. மங்களம் பாக்கி இருப்பது பாதியில் நினைவுக்கு வந்ததுபோல நிறுத்தி, மறுபடி இறுக்கினார். மேடையில் இருந்தவர்களுக்கு மட்டும்தான் அது தெரிந்தது.

லோகேஸ்வரி என்ன கேட்டு வந்தாளோ அது அவளுக்குக் கிடைத்துவிட்டது. கேட்டதைவிட அதிகமாகவே கிடைத்துவிட்டது. அவள் சும்மா உட்கார்ந்திருந்தால் போதும். கச்சேரியில் நேர்ந்த குற்றம் குறையெல்லாம் கடைசியில் மத்தியமாவதி பாடினால் கழிந்துவிடும் என்பது நம்பிக்கை. அவளும் அதைத்தான் நினைத்துக்கொண்டாள். மத்தியமாவதி பாடிவிட்டால் தீர்ந்தது, யாருக்குத் தெரியப்போகிறது? ஆனால் ராகத்துக்குச் செய்த பிழையைத்தான் ராகம் கழிக்கும். மனிதருக்குச் செய்த பிழையை வாயைத் திறந்துதான் கழிக்கவேண்டும். மேடை ஓரத்தில் சரஸ்வதி படத்துக்கு முன்னால் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. தெய்வம் பேசுவதில்லை. பேசவேண்டிய இடத்தில் நம்மைக் கொண்டுவந்து உட்கார வைத்துவிட்டுச் சும்மா இருக்கும்.

"அங்கிள், ஒரு நிமிசம்." அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை. மைக்கை இழுத்துக்கொண்டாள். "வயலின் தப்புல்ல. நாந்தான் தப்பா பாடினேன்."

சாத்தப்பன் முகம் மலர்ந்தது. "பாத்தீங்களா? இதுக்குப் பேருதான் பணிவு!" கைதட்டல் எழுந்தது.

"பணிவு இல்ல அங்கிள்." கைதட்டல் ஓயும்வரை அவள் காத்திருந்தாள். அது அவளை அறைவதுபோல இருந்தது. "எல்லாரும் கொஞ்சம் கேளுங்க. நா பாடினது இது."

'ப நி ஸா' என்று பாடினாள். அந்தத் தப்பை, நூறு பேருக்கு நடுவில், நிறுத்தி நிதானமாக இரண்டு முறை பாடிக் காட்டினாள்.

"இது கேதாரகௌளை. உங்களுக்கே தெரியும். இப்ப இதக் கேளுங்க."

'ப நி த நி ஸா.'

"இதான் நாராயணகௌளை. மாஸ்டர் வாசிச்சது இதத்தான். நா வேற ராகத்துக்குள்ள போயிட்டேன். அவரு என்னைத் திருப்பிக் கூட்டிட்டு வந்தாரு."

நாலாவது வரிசையில் கண்ணாடி போட்ட ஒருவர் தொடையில் விரலைத் தட்டி, 'நி த நி' என்று தனக்குள் பாடிப் பார்த்தார். பிறகு மெல்லத் தலையசைத்தார்.

"அப்ப முன்னாடி பாட்டுல எல்லாம் மாஸ்டர் தடுமாறினாரே?" என்று ஒரு பெண்மணி எழுந்து கேட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தவரேதான்.

லோகேஸ்வரி மைக்கை விடவில்லை. "அவருக்கு நா வேற லிஸ்டு அனுப்பிச்சிட்டேன் ஆன்டி. இங்க வந்து வேற பாடினேன்."

"மாறிப் போச்சா?"

"இல்ல ஆன்டி. வேணும்னேதான்."

பின்னால் மலரின் விரல் தம்புராவில் ஒருமுறை நின்றுவிட்டு ஓடியது. சாத்தப்பன் பொன்னாடைத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு, எதைச் சொல்லிச் சிரிப்பது என்று தெரியாமல் நின்றார். அவர் சொன்ன ரயில் வேடிக்கை இப்போது அவர் தலையிலேயே வந்து விழுந்திருந்தது.

"நல்ல வளர்ப்பு" என்றது ஒரு குரல். "சபாவுக்கே அவமானம்" என்றது இன்னொன்று. கடைசி வரிசைகளில் யாரோ ஒருவன், "எவ்ளோ படிச்சாலும் செம்பனை செம்பன…" என்று ஆரம்பித்தான்.

அந்த வார்த்தை முடிவதற்குள் வயலின் ஒலித்தது. முகுந்தன் முழு வில்லையும் அழுத்தி இழுத்து மத்தியமாவதியைத் தொடங்கிவிட்டார். அன்று மாலை முழுக்க அவர் அவ்வளவு பலமாக வாசிக்கவில்லை. பின்வரிசைப் பேச்சு எதுவும் அதைத் தாண்டி மேடைக்கு வந்துசேரவில்லை. குரு சட்டென்று மிருதங்கத்தைப் பிடித்துக்கொண்டார். முதல் அடியை வயலின் தனியாகவே பாடியது. இரண்டாவது அடியில் லோகேஸ்வரி போய்ச் சேர்ந்துகொண்டாள்.

*

மங்களம் முடிந்ததும் கூட்டம் மளமளவென்று கலைந்தது. வழக்கமாக மேடையேறி வந்து நாலு வார்த்தை சொல்கிறவர்கள், இன்று செருப்பைத் தேடிக்கொண்டு போனார்கள். சாத்தப்பன் மட்டும் பின்னறைக்கு வந்தார்.

"என்னை முட்டாளாக்கிட்டியே சிஸ்டர். அத என்கிட்ட தனியா சொல்லக் கூடாதா?"

"அவரத் தனியாவா சொன்னீங்க அங்கிள்?"

சாத்தப்பன் முகம் கறுத்தது. "மாசக் கச்சேரி விசயத்தக் கமிட்டி கூடிப் பேசிட்டுச் சொல்றோம்" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்தக் கமிட்டி ஒருநாளும் கூடப்போவதில்லை என்பது அவளுக்குத் தெரியும்.

"உனக்குப் பைத்தியமாக்கா?" என்றாள் மலர், தம்புராவுக்கு உறை போட்டுக்கொண்டே. "வெச்ச பொறியில நீயே காலக் குடுத்திட்டு நிக்கற. நா வேணாம் வேணாம்னு கார்லயே சொன்னேன்ல?"

"நீ எங்க சொன்ன? வெட்டுக்குத்துன்னு மட்டும்தான சொன்ன."

"அதுக்கு அர்த்தம் அதான்லா!"

லோகேஸ்வரி வெளியே வந்தாள். மழை விட்டிருந்தது. வாசல் படிக்குப் பக்கத்தில் முகுந்தன் ஒரு கையில் வயலின் பெட்டியும் மறு கையில் சுவருமாக நின்றுகொண்டிருந்தார். குரு அவரோடு இருந்தார்.

அவள் அருகில் போய் நின்றாள். மன்னிப்புக் கேட்கவேண்டும் என்று வந்தவளுக்கு, வேறொரு கேள்விதான் வாயில் வந்தது. "என்னை ஏன் மாஸ்டர் திருப்பி விட்டீங்க? எம்பின்னாடியே வந்திருக்கலாமே."

"உன்ன யாரு திருப்பினது?" என்றார் அவர், முகத்தைப் பார்க்காமல். "நா ராகத்தத்தான் திருப்பினேன். நீயும் கூட வந்துட்ட."

குரு சிரிப்பை அடக்க மிருதங்கப் பையைச் சரிசெய்தார்.

"நா செஞ்சது தப்பு மாஸ்டர்."

"தப்புதான். அயோக்கியத்தனம். மூணு நாளு தூங்காம எழுதினேன்." கொஞ்சநேரம் மூச்சுவாங்கினார். "எதுக்குச் செஞ்ச? அந்தச் செம்பனைப் பேச்சுக்குத்தான?"

"அன்னிக்கு எங்கப்பா வந்திருந்தாரு. கடைசி வரிசையில. நீங்க என்னைப் புகழ்ந்தீங்கன்னு நெனச்சு அவரும் சிரிச்சாரு."

எதிர்ச்சாரியில் வடை சுடுகிற எண்ணெய்ச் சத்தம் கேட்டது. முகுந்தன் ஏதோ சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் விட்டார். சொல்ல நல்ல வார்த்தை இருந்திருக்காது. இருந்தாலும், இத்தனை வருடம் குத்தலாகவே பேசிப் பழகிய வாயில் அது உடனே வந்திருக்காது.

பிறகு கீழே கிடந்த தம் செருப்பைப் பார்த்தார். வாரை மாட்டக் குனியவேண்டும். குனிவதற்கு இரண்டு கையும் வேண்டும். குரு தயாராகப் பெட்டிக்குக் கை நீட்டினார். முகுந்தன் அதைப் பார்க்காததுபோல் திரும்பி, வயலின் பெட்டியை லோகேஸ்வரி பக்கம் நீட்டினார்.

"பிடி. கீழ போட்டுடாத. உன்ன நம்ப முடியாது."

லோகேஸ்வரி அதை இரண்டு கைகளாலும் வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். அவர் சுவரைப் பிடித்து மெல்லக் குனிந்தார். ஒரு வாரை மாட்டி முடிக்க அவருக்கு நெடுநேரம் பிடித்தது. இன்னொரு கால் பாக்கி இருந்தது. அவள் அசையாமல் நின்றாள்.